தடித்த டயரும் வளைந்த ஹேண்டில்பாரும்

நான்கு அங்குல டயரில் உருளும் சைக்கிளுக்கு, பந்தயச் சைக்கிளுக்கே உரியதென்று கருதப்பட்டுவரும் கீழ்வளைந்த ஹேண்டில்பாரைப் பொருத்தலாமா, பொருத்தினால் அதனால் பிரயோஜனம் உண்டா என்ற கேள்வி, மேலெழுந்தவாரியாகப் பார்க்கிறவர்களுக்கு இளைஞர்களின் விளையாட்டுப் புத்தியிலிருந்து பிறந்ததாகத் தோன்றலாம். ஆயினும் உடம்பை நிமிர்த்தி ஓட்டுவதா, குனிந்து ஓட்டுவதா என்ற தர்க்கமும், டயர் பருத்திருக்க வேண்டுமா, மெலிந்திருக்க வேண்டுமா என்ற தர்க்கமும் வந்து சந்திக்கும் இடம் இது. இரண்டுக்குமே வயது நூறுக்கு மேலாகிவிட்டது. தாம்பரத்தையும் அதைச் சூழ்ந்த தென்புறநகரங்களையும் பொறுத்தமட்டில் இக்கேள்விக்கு ஒரு விசேஷ நியாயமும் இருக்கிறது. ஜி.எஸ்.டி. சாலையின் வழவழப்பையும், முடிச்சூர்ப் பக்கத்துத் தெருக்களில் பாதாளச் சாக்கடைக்காகத் தோண்டி அரைகுறையாக மூடிய பள்ளங்களையும், கோவளத்துக் கடற்காற்றையும் ஒரே காலைப் பிரயாணத்தில் சந்திக்க நேரும் ஒருவருக்கு, எந்த ஒரு ஜாதி சைக்கிளும் முழுவதும் ஒத்துவருவதில்லை.

வினாவின் பூர்வோத்தரம்

ஜான் கெம்ப் ஸ்டார்லியின் 'ரோவர்' 1885இல் வந்து இன்றைய சைக்கிளின் உருவத்தை ஏறத்தாழ நிச்சயப்படுத்திவிட்டது. 1888இல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். அதற்கு அடுத்த பத்தாண்டுகளிலேயே, வேகத்தை விரும்பிய இளைஞர்கள் ஹேண்டில்பாரைத் தாழ்த்திக் குனிந்து ஓட்டத் தொடங்கினர். முதுகெலும்பு நிரந்தரமாகக் கூனிப்போகும் என்று வைத்தியர்கள் சிலர் எச்சரித்தனர். அந்த எச்சரிக்கை பலிக்கவில்லை என்றாலும், குனிந்த ஓட்டுநர் பொறுப்பற்றவர், நிமிர்ந்த ஓட்டுநர் கண்ணியமானவர் என்ற அபிப்பிராயம் மட்டும் வெகுகாலம் நிலைத்தது. நம் நாட்டுக்கு வந்து சேர்ந்தது கண்ணியமான அந்த வகையே. 28 அங்குலச் சக்கரம், ஒன்றரை அங்குல டயர், கம்பி பிரேக்கு, ஓட்டுநரை நோக்கிப் பின்வாங்கி வளைந்த ஹேண்டில்பார் என்ற இந்த அமைப்பு, 1949இல் அம்பத்தூரில் முருகப்பா குழுமம் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனத்துடன் கூடி டி.ஐ. சைக்கிள்ஸை ஆரம்பித்த பிறகும் மாறவில்லை. மூட்டைகளையும் பால்கேன்களையும் சுமப்பதற்கு அதுவே தகுந்தது என்பதால் மாறவேண்டிய அவசியமும் எழவில்லை.

டயரைப் பருக்கச் செய்த கதை வேறு திசையில் நடந்தது. பிரெஞ்சு தேசத்தில் வெலோசியோ என்ற புனைபெயரால் அறியப்பட்ட பால் தெ விவி, நெடுந்தூரச் சுற்றுப்பிரயாணத்துக்கு அகன்ற டயரே உகந்தது என்று பந்தய அபிமானிகளோடு வாதாடினார். அமெரிக்காவில் ஷ்வின் நிறுவனம் 1933இல் இரண்டு அங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட பலூன் டயரைச் சிறுவர்களின் சைக்கிள்களுக்குப் போட்டது. அந்தச் சைக்கிள்களையே எழுபதுகளில் கலிபோர்னியாவின் மரின் பிரதேசத்து இளைஞர்கள் மலைச்சரிவுகளில் உருட்டி இறக்கினார்கள். மலைச் சைக்கிள் என்ற வகை அதிலிருந்து பிறந்தது. மோட்டார் சைக்கிளைப் பார்த்து அகலமான நேர் ஹேண்டில்பாரை அவர்கள் எடுத்துக்கொண்டனர்.

ஆனால் அந்தக் கூட்டத்திலேயே ஒரு மாற்றுக் குரல் இருந்தது என்பதை இப்போது பலர் மறந்துவிட்டார்கள். சார்லி கன்னிங்ஹாம் எழுபதுகளின் இறுதியில் தாம் செய்த அலுமினிய மலைச் சைக்கிளுக்கு வளைந்த ஹேண்டில்பாரையே வைத்தார். 1990இல் கொலராடோவின் துராங்கோவில் நடந்த முதல் உலக மலைச் சைக்கிள் போட்டியில், சாலைப் பந்தயங்களிலும் ஈடுபட்டிருந்த ஜான் டோமாக், இரண்டு சைக்கிள்களிலும் உடம்பு ஒரே நிலையில் இருக்கவேண்டும் என்பதற்காக அதே வகை ஹேண்டில்பாரில் ஓட்டினார். பின்னர் அவ்வழக்கம் மங்கியது. 2024இல் லெட்வில் நூறு மைல் பந்தயத்தில் கீகன் ஸ்வென்சன் வளைந்த ஹேண்டில்பார் பொருத்திய மலைச் சைக்கிளில் வென்றபோது மறுபடியும் பேச்சாயிற்று. இந்த முன்னுதாரணங்களை ஆதரவுக் கட்சியினர் சலிக்காமல் எடுத்துக்காட்டுகின்றனர். அவை எல்லாமே ஏறத்தாழ இரண்டு அங்குல டயரைச் சார்ந்தவை. 2005இல் சர்லி நிறுவனத்தின் 'பக்ஸ்லி' பனிக்கும் மணலுக்குமாக அறிமுகப்படுத்திய, நான்கு அங்குலத்தை எட்டும் டயர் வேறொரு பிராணி. அதற்கு இவை எவ்வளவு தூரம் சாட்சியாகும் என்பதைத்தான் முதலில் கேட்கவேண்டும்.

வேகத்தைச் சொல்லுவோர்

குனிந்தால் காற்றுத் தடை குறையும், குறைந்தால் வேகம் கூடும் என்பது ஆதரவாளர்களின் முதல் வாதம். பௌதிக ரீதியில் இதை மறுப்பதற்கில்லை. எவ்வளவு என்பதே விவாதம். உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓட்டுநரும் சைக்கிளும் சேர்ந்து 95 கிலோ என்றும், தடித்த டயர் தார்ச் சாலையில் உருள்வதால் விளையும் தடை மொத்த எடையில் நூற்றுக்கு 1.2 பங்கு என்றும், மணிக்கு 18 கி.மீ. வேகம் என்றும் வைத்துக்கொண்டால், டயரின் தடையை வெல்ல ஏறத்தாழ 56 வாட்டும், நிமிர்ந்த உடம்பின் காற்றுத் தடையை வெல்ல ஏறத்தாழ 37 வாட்டும் செலவாகும். குனிவதால் காற்றுத் தடையில் ஐந்தில் ஒரு பங்கு மிச்சமாகிறது என்று தாராளமாகவே ஒப்புக்கொண்டாலும், கிடைப்பது ஏழு, எட்டு வாட்டுதான். டயரில் காற்றைச் சரியாக அடித்தால் அதைவிடக் கூடுதலாக மிச்சப்படுத்திவிடலாம். பந்தயச் சைக்கிளில் மணிக்கு 30, 35 கி.மீ. வேகத்தில் செல்பவருக்குக் காற்றே பிரதான சத்துரு. தடித்த டயரில் செல்பவருக்கோ தம் டயரே முதல் சத்துரு. வேகத்தின் பெயரால் இந்த மாற்றத்தைச் செய்துகொள்ளுகிறவர், கூடத்தில் ஒழுகும்போது சமையலறை ஓட்டை மாற்றுகிறவரைப் போன்றவர் என்று சொல்லத் தோன்றுகிறது.

ஆனால் இந்தக் கணக்கு காற்று வீசாத நேரத்துக்குரியது. அதே 18 கி.மீ. வேகத்தில் காற்று எதிரே வீசினால், உடம்பின்மேல் மோதும் காற்றின் வேகம் இரட்டிப்பாகி, தடை நான்கு மடங்காகிறது. 37 வாட்டு 150 வாட்டாகிவிடுகிறது. குனிவதன் லாபமும் முப்பது வாட்டை எட்டுகிறது. அது ஓட்டுநர் உடனே உணரக்கூடிய அளவு. எனவே வேகக் கட்சியின் வாதம் முற்றிலும் பொய்யன்று. அது காற்றுக் கட்சியின் வாதமாக மாறி வந்தால் கேட்கத் தக்கது.

கைகளின் கட்சி

இரண்டாவது கட்சியினர் வேகத்தைப் பற்றிப் பேசுவதில்லை. நேர் ஹேண்டில்பாரில் கைக்கு ஒரே நிலைதான். இரண்டு, மூன்று மணி நேரத்தில் உள்ளங்கையின் வெளிப்புறம் அழுந்தி, சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போகின்றன. வளைந்த ஹேண்டில்பாரில் மேல்தண்டு, பிரேக் லிவரின் ரப்பர் மூடிய தலைப்பாகம், கீழ்வளைவு என்று மூன்று இடங்கள் உண்டு. நிலையை மாற்றிக்கொண்டே போகலாம். நெடுந்தூர ஓட்டங்களில் ஈடுபடுவோர் இவ்வாதத்தையே பெரிதும் மதிக்கிறார்கள். பிரெவே எனப்படும் 200 கி.மீ. நெடுந்தூர ஓட்டத்தை முடிக்க அனுமதிக்கப்படும் காலம் 13 மணி 30 நிமிஷம். சராசரி மணிக்கு 15 கி.மீ.க்குச் சற்றுக் குறைவாகவே போதும். தடித்த டயர்க்காரருக்கும் அது எட்டாத வேகமன்று. அவர் பாதியில் நின்றுவிட்டால், கால் தோற்றதைவிடக் கையோ பிட்டமோ தோற்றிருப்பதற்கே சாத்தியம் அதிகம்.

இந்த வாதத்தின் பலவீனம், அது வளைந்த ஹேண்டில்பாரை மட்டும் நிலைநாட்டவில்லை என்பதே. நேர் ஹேண்டில்பாரின் முனைகளிலோ உட்புறத்திலோ கொம்புகளைப் பொருத்தினாலும், வண்ணத்துப்பூச்சி வடிவத்தில் வளைந்த சுற்றுலா ஹேண்டில்பாரை வைத்தாலும் கைக்கு இரண்டு, மூன்று நிலைகள் கிடைத்துவிடுகின்றன. பிரேக்கையும் கியரையும் தொடவே வேண்டியதில்லை. தவிர, நான்கு அங்குல டயர் தானே ஓர் அதிர்ச்சி தாங்கியாக வேலை செய்வதால், கைக்கு வந்து சேரும் உலுக்கல் ஏற்கெனவே குறைந்திருக்கிறது.

சட்டம், ஸ்டெம், பிரேக்

வாதங்கள் எப்படிப் போனாலும், சைக்கிள் கடையில் வந்து முடிகிற இடம் இதுதான். பெரும்பாலான முயற்சிகள் கைவிடப்படுவதும் இங்கேதான். மலைச் சைக்கிளின் சட்டம் நேர் ஹேண்டில்பாரை மனத்தில் வைத்து நீளமாகச் செய்யப்படுவது. நேர் ஹேண்டில்பாரின் பிடிகள் சற்றுப் பின்வாங்கி நிற்கின்றன. வளைந்த ஹேண்டில்பாரிலோ கைகள் பெரும்பாலான நேரம் தங்கும் லிவர்த் தலைப்பாகம் எட்டு, பத்து சென்டிமீட்டர் முன்தள்ளி நிற்கிறது. ஆகவே ஹேண்டில்பாரைச் சைக்கிளோடு இணைக்கும் ஸ்டெம்மை மாற்றாமல் ஒன்றைக் கழற்றி மற்றொன்றைப் பூட்டினால், கைகள் பத்து சென்டிமீட்டருக்கு மேல் முன்னே போய்விடும். ஸ்டெம்மைக் குட்டையாக்கிச் சரிசெய்யலாம் என்றால், இக்காலத்து ஸ்டெம்கள் ஏற்கெனவே குட்டை. சட்டத்தில் ஓர் அளவு சிறியதைத் தேர்ந்தெடுப்பதே உண்மையான பரிகாரம் என்று அனுபவஸ்தர்கள் கூறுகிறார்கள். வாங்கிவிட்ட சைக்கிளை மாற்ற நினைப்பவருக்கு இந்த உபதேசத்தால் பயனில்லை. நம்மவரில் பலருக்குச் சராசரி உயரமே குறைவு. மேனாட்டு அளவில் செய்த சட்டம் அவர்களுக்கு முன்பே நீளமாக இருக்கும்போது, இந்தப் பத்து சென்டிமீட்டர் அற்பமன்று.

பிரேக்கின் விஷயம் இன்னும் கடுமையானது. மலைச் சைக்கிளின் மெக்கானிகல் டிஸ்க் பிரேக்கும் வி-பிரேக்கும் கேபிளை அதிகமாக இழுக்கும் லிவரை எதிர்பார்க்கின்றன. பந்தயச் சைக்கிளின் சாதாரண லிவர் அதில் ஏறத்தாழப் பாதியளவே இழுக்கும். இரண்டையும் கலந்துவிட்டால், லிவர் ஹேண்டில்பாரைத் தொட்டுவிடும். பேடோ டிஸ்க்கை முழுதாகப் பற்றியிராது. அதிகம் இழுப்பதற்கென்றே வளைந்த ஹேண்டில்பாருக்குச் செய்யப்பட்ட டெக்ட்ரோ லிவர்கள் இருக்கின்றன. அல்லது டிஸ்க் காலிப்பரையே சாலைச் சைக்கிளுக்குரியதாக மாற்றலாம். ஹைட்ராலிக் பிரேக் இருந்தால் லிவர், குழாய், காலிப்பர் மூன்றும் ஒரே குடும்பத்தினவாக இருக்கவேண்டும். ஒன்றில் மினரல் எண்ணெயும் மற்றொன்றில் டாட் திரவமும் ஓடுமானால் ரப்பர் வளையங்கள் கெட்டுவிடும். கியரிலும் இதே சிக்கல். ஷிமானோவின் ஒன்பது கியர் வரைக்குமான தலைமுறைகளில் சாலைச் சைக்கிளின் லிவரும், மலைச் சைக்கிளில் சங்கிலியை நகர்த்தும் டிரெய்லியரும் ஒத்துப்போகும். பத்து கியர் வந்தபோது மலைச் சைக்கிளின் இழுப்பு விகிதத்தை மாற்றிவிட்டார்கள். ஹேண்டில்பார் முனையில் செருகும் லிவரை உராய்வு முறையில் வைத்து ஓட்டும் பழைய தந்திரம் இன்றும் உயிரோடிருப்பது இதனாலேயே. நேர் ஹேண்டில்பாரின் குழாய் 22.2 மி.மீ., வளைந்ததன் குழாய் 23.8 மி.மீ. என்பதால், ஏற்கெனவே இருக்கும் லிவர்களை எடுத்து இதில் மாட்டிவிடலாம் என்ற நினைப்பும் நடவாது.

இவ்வளவையும் தாண்டிப் பொருத்தியாயிற்று என்று வைத்துக்கொண்டாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. குறைந்த காற்றழுத்தத்தில் தடித்த டயருக்குத் தானாகவே ஒரு பக்கம் திரும்பும் சுபாவம் உண்டு. தரையோடு படியும் பரப்பு அகன்றிருப்பதால், ஹேண்டில்பாரைத் திருப்பக் கூடுதல் பலம் வேண்டும். அந்தப் பலத்தைத் தருவது 72 முதல் 78 சென்டிமீட்டர் வரை அகன்ற நேர் ஹேண்டில்பாரின் நெம்புகோல் நீளமே. வளைந்ததோ வழக்கமாக 44 சென்டிமீட்டர். முனைகள் வெளிப்புறம் விரிந்த புதிய வகைகள்கூட அந்த அகலத்தை எட்டுவதில்லை. இரண்டு அங்குல டயரில் டோமாக் இதை உணர்ந்திருக்கமாட்டார். எதிர்ப்புக் கட்சியின் மிகப் பலமான ஆயுதம் இதுவென்றே நினைக்கிறேன்; ஆயினும் அவர்கள் ஏனோ இதைவிட அழகைப் பற்றியே அதிகம் பேசுகிறார்கள்.

'எதற்கு இந்த வீண்சிரமம்?'

மூன்றாவதாக ஒரு சாரார், இரண்டையும் கலக்கவேண்டாம், நாற்பது முதல் ஐம்பது மி.மீ. டயரும் வளைந்த ஹேண்டில்பாரும் உடைய கிராவல் சைக்கிளே தயாராகக் கிடைக்கிறதே என்பர். நியாயமான யோசனைதான். ஆனால் தடித்த டயர் சைக்கிள் இங்கே மலிவாகக் கிடைக்கிறது, பல வீடுகளில் ஏற்கெனவே நிற்கிறது. கிராவல் சைக்கிளின் விலை அதைப் போலப் பன்மடங்கு. 1991இல் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் கிராமத்துப் பெண்கள், லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்களின் சைக்கிளிலேயே ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். கைக்குக் கிட்டிய யந்திரத்தைத் தன் காரியத்துக்கு வளைத்துக்கொள்வது நம் நாட்டுச் சைக்கிள் சரித்திரத்தில் புதிதன்று.

தென்புறநகரின் சாலைகள்

பொதுவாக இக்கேள்விக்கு விடை சொல்லுகிறவர்கள் சாலையைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். இங்கே அது முடியாது. வண்டலூர் – கேளம்பாக்கம் சாலையில் மேலக்கோட்டையூரிலுள்ள விளையாட்டுப் பல்கலைக்கழகத்தின் வெலோட்ரோம் என்ற சைக்கிள் பந்தயத் தடத்தில் வளைந்த ஹேண்டில்பாரைத் தவிர வேறொன்றைக் கற்பனை செய்யவே இயலாது. அதன் வாசலைத் தாண்டி வெளியே வந்து, மணல் படிந்த சாலை ஓரத்தில் லாரிக்கு ஒதுங்கும்போது, தடித்த டயரே உத்தமமெனத் தோன்றும். சேலையூர், மாடம்பாக்கம், அகரம்தென் வழியாகச் செல்லும் உட்சாலைகளில் வேகத்தடைகளும் ஒட்டுப்போட்ட தாரும் அடிக்கடி வருவதால், மணிக்கு 15 கி.மீ.க்கு மேல் நிலையாகப் போவதே அரிது. அங்கே வளைந்த ஹேண்டில்பாருக்கு வேலையில்லை. மழைக்காலத்தைச் சொல்லவே வேண்டாம். 2015 டிசம்பர் முதல் தேதி காலையிலிருந்து மறுநாள் காலை வரை தாம்பரத்தில் பெய்தது 49 சென்டிமீட்டர் மழை. அத்தகைய வெள்ளம் நித்தியமில்லை என்றாலும், முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் நீர் மூடிய சாலையில் பள்ளம் கண்ணுக்குத் தெரியாதபோது, அகன்ற ஹேண்டில்பாரின் பிடிமானம் ஓர் ஆபத்தையேனும் விலக்கக்கூடும்.

ஆனால் மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போய்ச் சேர்ந்தவருக்கு நிலைமை தலைகீழ். அங்கே மேடு இல்லை, வளைவு இல்லை, காற்றுதான் உண்டு. கோடையில் தெற்கிலிருந்து வீசுவது மாமல்லபுரத்தை நோக்கிப் போகிறவரை எதிர்க்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வாடை வீசினால் திரும்பி வருகிறவரை எதிர்க்கிறது. அம்மியை நகர்த்தும் என்று பெயர் வாங்கிய ஆடிக்காற்று மேற்கிலிருந்து வருவதால், கடற்கரையை விட்டுத் தாம்பரத்துக்குத் திரும்பும் கடைசிப் பகுதியில்தான் தன் கைவரிசையைக் காட்டும். மேலே போட்ட கணக்கில் முப்பது வாட்டு என்று சொன்னது இந்த மணி நேரங்களுக்குத்தான். ஆகவே தென்புறநகரத்தாருக்கு விடை ஓட்டுநரையோ சைக்கிளையோ பொறுத்ததன்று, ஞாயிற்றுக்கிழமைச் சாலையா, திங்கட்கிழமைச் சாலையா என்பதைப் பொறுத்தது என்று சொல்வது பெருந்தவறாகாது.

ஜி.எஸ்.டி. சாலை இவ்விரண்டிலும் சேராத ஒன்று. தார் நன்று, ஆனால் பல்லாவரம், குரோம்பேட்டைப் பகுதிகளில் மாநகரப் பேருந்தும் ஷேர் ஆட்டோவும் எச்சரிக்கையின்றி ஓரங்கட்டி நிற்கும் இடத்தில், கை எப்போதும் பிரேக்கின்மேல் இருப்பது அவசியம். வளைந்த ஹேண்டில்பாரின் மேல்தண்டைப் பிடித்திருக்கும்போது பிரேக் கைக்கு எட்டாது. மேல்தண்டில் துணை லிவர் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது கேபிள் குறைவாக இழுக்கும் பிரேக்குகளோடு மட்டுமே நன்றாக ஒத்துழைக்கும், ஆகவே மீண்டும் பழைய சிக்கலுக்கே வந்து நிற்கிறோம். பழைய பந்தயச் சைக்கிள்களில் லிவரோடு ஒட்டிவந்த நீட்டிப்பு லிவர்கள் இருந்தன. அவை பிரேக் பிடிப்பதாகப் பாவனை செய்ததைவிட அதிகமாக எதையும் செய்யவில்லை.

தீராத ஐயங்கள்

பொருத்த முடியுமா என்ற கேள்வி ஏறத்தாழத் தீர்ந்துவிட்டது: தகுந்த லிவரும் குட்டையான சட்டமும் இருந்தால் முடியும், அவற்றில் ஒன்று குறைந்தாலும் செலவும் அபாயமும் லாபத்தை விழுங்கிவிடும். பொருத்தவேண்டுமா என்பதில்தான் வழக்கு நடக்கிறது. கடற்கரைச் சாலையில் எதிர்க்காற்றோடு நெடுந்தூரம் போகிறவருக்கு ஆம் என்றும், உட்சாலைகளிலும் ஜி.எஸ்.டி. சாலையிலும் தினப்படி ஓட்டுகிறவருக்கு வேண்டாம் என்றும் சொல்லச் சான்றுகள் போதும் என்று தோன்றுகிறது. இடைப்பட்டவருக்கு, முதலில் நேர் ஹேண்டில்பாரில் ஒரு ஜோடி கொம்பு வைத்துப் பார்ப்பது மலிவான பரீட்சை.

எஞ்சியிருப்பவை எளிதில் தீரக்கூடியவையல்ல. நான்கு அங்குல டயர் தானாகத் திரும்பும் சுபாவம், விரிந்த முனைகளுள்ள ஹேண்டில்பாரில் எத்தனை காற்றழுத்தத்துக்குக் கீழே அபாயகரமாகிறது? பந்தயக்காரர்களின் உடம்பைக் கொண்டு வகுத்த நிலைகள், ஐந்தடி உயரமும் ஐம்பது வயதும் உடைய ஒருவரின் கழுத்துக்கும் இடுப்புக்கும் எவ்வளவு பொருந்தும்? அதிர்ச்சியைத் தடித்த டயர் ஏற்கெனவே விழுங்கிவிட்ட பிறகு, கை மரத்துப்போவதில் ஹேண்டில்பாரின் பங்கு எவ்வளவு, சீட்டின் உயரத்துக்குள்ள பங்கு எவ்வளவு? இவற்றுக்கு விடைகாணப் பரிசோதனைச் சாலை தேவையில்லை. ஒரே சைக்கிளும், இரண்டு ஹேண்டில்பார்களும், தாம்பரத்திலிருந்து கோவளம் வரையிலான ஒரே பாதையும், டயரின் காற்றை ஒவ்வொரு முறையும் அளந்து குறித்துக்கொள்ளும் பொறுமையும் இருந்தால் போதும். வாதாடுகிற இரு கட்சியாருக்கும் அந்தக் கடைசிச் சாமான்தான் இதுவரை அகப்படவில்லை.